குறைமாதப் பிள்ளை எப்போது சிரிக்கும்?

தாய்மார்களே! ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்த பிள்ளை, வீட்டுக்கு வந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையா? "என்னை அம்மான்னு தெரியலையோ" என்று கலங்க வேண்டாம்.

வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். டாக்டர் முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். 2 வயது வரை இதுதான் கணக்கு. இந்தக் கணக்கில் 6 முதல் 8 வாரத்தில் பெரும்பாலும் சிரிப்பு வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

ஊசியும் குழாயும் பட்ட உடம்பு அது. சத்தம், வெளிச்சம் கூடினால் சோர்ந்துவிடும். முகத்தைத் திருப்பினால், விக்கல் எடுத்தால், விரல்களை விரித்தால் "போதும்" என்று அர்த்தம், வெறுப்பு அல்ல. சற்று விட்டு, மெதுவாகப் பேசுங்கள். வெறும் மாரோடு சேர்த்து அணையுங்கள், அப்பாவும் அணைக்கலாம். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய இம்முறையை உலகச் சுகாதார நிறுவனமும் சிபாரிசு செய்கிறது.

நம் நாட்டில் பிரசவ லீவு 98 நாள். பிரசவத்தன்று லீவு தொடங்கினால், அது முடியும்போது 8 வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு நம் கணக்கில் 6 வாரம்தான். அம்மா வேலைக்குப் போகிற நேரமும் பிள்ளை சிரிக்கத் தொடங்கும் நேரமும் ஒன்றாகவே வரும். ஆகவே பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும் இதையெல்லாம் சொல்லி வையுங்கள்.

இந்தக் கணக்கில் 3 மாதமாகியும் சிரிக்காவிட்டாலோ, எப்போதாயினும் சத்தத்துக்கு அசையாவிட்டாலோ உடனே கிளினிக்கில் காட்டுங்கள். கண், காது சோதனைக்குக் குறித்துக் கொடுத்த தேதியைத் தவற விடாதீர்கள்.