செவ்வாய்க்கிழமை 11 மணி மர்மம்!

மும்பையை அடுத்த பிவண்டியில் ஒரு குடோன். சூரத், நாக்பூர், ஈரோடு என்று பல ஊர் லாரிகள் இரவு பகலாக வந்து நிற்கும் இடம்.

குடோன் வாசலில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு குமாஸ்தா. மும்பைக்கு வந்து 26 வருடம் ஆகிவிட்டது. மூட்டை சுமக்கும் தமிழர்களுக்கு எல்லாம் அவர் "அண்ணாச்சி".

லாரியில் இருந்து மூட்டை இறங்க இறங்க, அவர் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் தட்டுவார். லாரி காலியானதும் "முடிந்தது" என்ற பொத்தானை அழுத்துவார். சுமை தூக்குவோருக்கு அந்தக் கணக்குப்படிதான் கூலி. மூட்டைக்கு இவ்வளவு என்று பேச்சு. எண்ணிக்கை இல்லை என்றால், கூலியும் இல்லை!

முன்பெல்லாம் பேரேட்டில் எழுதினார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் வந்த மறுவாரம் வம்பு தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை பகல் 11 மணி. அண்ணாச்சி 212 மூட்டை எண்ணி முடித்திருந்தார். திடீரென்று திரை மாறியது. "உங்கள் பெயர் என்ன? பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டது. மறுபடி உள்ளே போனார். எண்ணிக்கை பூஜ்யம்!

இறக்கிய மூட்டைகள் ஏற்கனவே மற்ற மூட்டைகளோடு அடுக்கப்பட்டுவிட்டன. மறுபடி எப்படி எண்ணுவது?

"நீர் தூங்கிவிட்டீர், கை தவறி எதையோ அழுத்திவிட்டீர்" என்றார் மேனேஜர். அந்த லாரியில் வேலை பார்த்த ஆறு பேருக்கு அன்று கூலி கணக்கில் ஏறவில்லை.

லேப்டாப்பில் ஓடியது, இங்கே ஏன் இல்லை?

சர்வர் என்றதும் மாதுங்கா ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர் நினைவுக்கு வரலாம். இந்தச் சர்வருக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். பல மேஜைகளில் இருந்து கேட்பதை வாங்கி, பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும் கம்ப்யூட்டர் அது.

குடோன் ஆபீசில் இருப்பது விண்டோஸ் சர்வர். அதில் வாசல் வேலை பார்க்கும் மென்பொருளுக்கு ஐ.ஐ.எஸ். என்று பெயர். 1995-ம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. இன்றும் பல ஆபீசுகளில் அதுதான் ஓடுகிறது.

கணக்குப் புரோகிராமை எழுதியவர் புனேயில் வேலை பார்க்கும் கோவை இளைஞர். அவருடைய லேப்டாப்பில் அது அழகாக ஓடியது. குடோன் சர்வரில் ஏற்றிய முதல் நாளே மக்கர் செய்தது.

திரையில் 500.19 என்று ஒரு எண் வந்தது. டாட் நெட் புரோகிராம்கள் ஐ.ஐ.எஸ்.சில் ஓடுவதற்கு "ஹோஸ்டிங் பண்டில்" என்ற துணை மென்பொருள் வேண்டும். அது அந்தச் சர்வரில் இல்லை. அதை ஏற்றினார். அடுத்து 500.30 என்ற எண் வந்தது. புரோகிராம் கிளம்பும்போதே விழுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். லேப்டாப்பில் அது இளைஞரின் பெயரில், அவருடைய உரிமையோடு ஓடியது. சர்வரில் வேறு பெயரில் ஓடுகிறது. அந்தப் பெயருக்குக் கோப்பு எழுத அனுமதி கொடுக்கப்படவில்லை. கொடுத்ததும் ஓடியது.

இவை எல்லாம் நேர்மையான கோளாறுகள். எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். செவ்வாய்க்கிழமைக் கோளாறோ எந்த எண்ணையும் சொல்லவில்லை. சர்வர் ஒரு நிமிடம்கூட நிற்கவும் இல்லை.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இன்டர்நெட் சரியில்லை என்று வைபை பெட்டியை மாற்றினார்கள். மின்சாரம் சரியில்லை என்று பாட்டரி வாங்கினார்கள். கோவை இளைஞரும் ஒரே இரவில் மூன்று இடங்களில் புரோகிராமை மாற்றிப் பார்த்தார். அதனால் எது எதைச் செய்தது என்று அவருக்கே தெரியாமல் போனதுதான் மிச்சம்!

அண்ணாச்சியின் நோட்டு

அண்ணாச்சி ஒரு 40 பக்க நோட்டு வாங்கினார். மூன்று ஷிப்டு குமாஸ்தாக்களிடமும் சொல்லி வைத்தார். எப்போது திரை மாறி பாஸ்வேர்டு கேட்டாலும், கிழமையும் மணியும் எழுத வேண்டும். காரணம் எதுவும் எழுதக்கூடாது.

அந்த நோட்டை நானும் பார்த்தேன். செவ்வாய் பகல் 11. புதன் மாலை 4. வியாழன் இரவு 9. சனி அதிகாலை 2. அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும் அதேதான்!

"அந்த ஷிப்டுகளில் யாரோ விஷமம் செய்கிறார்கள்" என்று ஆபீசில் பேச்சு கிளம்பியது. நல்ல வேளையாக, நான்காவது வாரம் திங்கட்கிழமை விடுமுறை. குடோன் செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்குத்தான் திறந்தது. அந்த வாரம் செவ்வாய் 11 மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. புதன் பகல் 11 மணிக்கு நடந்தது.

அண்ணாச்சி புனேக்குப் போன் போட்டார்.

"தம்பி, கிழமையைப் பார்க்காதீங்க. குடோன் திறந்த நேரத்தில் இருந்து எண்ணிப் பாருங்க. திறந்து 29 மணி நேரம் கழித்து ஒரு தடவை. அதில் இருந்து இன்னொரு 29 மணியில் அடுத்த தடவை. விடாமல் அப்படியே வருது."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

"அண்ணாச்சி, 29-ஆ? நல்லாப் பார்த்தீங்களா?"

"நான் கணக்கு எழுதுறவன் தம்பி."

29 மணி நேரம் என்றால் 1,740 நிமிடம். ஐ.ஐ.எஸ்.சில் யாரும் தொடாமலே இருக்கும் ஒரு ஏற்பாடு அது. புரோகிராமை ஓட்டுவதற்கு ஐ.ஐ.எஸ். ஒரு வேலையாளை அமர்த்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையாள் 1,740 நிமிடம் வேலை பார்த்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதிய ஆளை வைக்கும். நாள்பட ஓடும் புரோகிராம் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. புதிய ஆள் வந்து நின்ற பிறகே பழைய ஆள் போவார். அதனால்தான் சர்வர் நின்றதாகவே தெரியவில்லை.

ஆனால் பழைய ஆள் மனதில் வைத்திருந்ததெல்லாம் அவரோடு போய்விடும். யார் உள்ளே வந்தார்கள், எத்தனை மூட்டை எண்ணினார்கள் என்பதைப் புரோகிராம் அந்த வேலையாளின் நினைவில்தான் வைத்திருந்தது. "முடிந்தது" பொத்தானை அழுத்திய பிறகே நிரந்தரக் கணக்கில் எழுதியது. லேப்டாப்பில் ஐ.ஐ.எஸ். இல்லை, ஆள் மாற்றமும் இல்லை. கோளாறு அங்கே எப்படித் தெரியும்?

வாராவாரம் திங்களன்று கணக்கு புதிதாகத் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. 20 நிமிடம் யாரும் எதுவும் கேட்காவிட்டால், ஐ.ஐ.எஸ். வேலையாளை அனுப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை குடோன் மூடிக் கிடக்கும். திங்கள் காலை 6 மணிக்கு முதல் லாரி வந்ததும் புதிய வேலையாள். அங்கிருந்து 29 மணி என்றால் செவ்வாய் பகல் 11!

இதில் வேடிக்கை என்னவென்றால், சர்வர் இதை மறைக்கவே இல்லை. விண்டோசில் "ஈவென்ட் வியூவர்" என்று ஒரு நாட்குறிப்பு உண்டு. ஒவ்வொரு ஆள் மாற்றத்தையும் 5074 என்ற எண்ணிட்டு, நேரத்தோடு அதில் எழுதியிருந்தது. அது தவறு அல்ல, வெறும் தகவல் என்பதால் சிவப்புக் குறி போடவில்லை. கோவை இளைஞர் சிவப்புக் குறி உள்ளவற்றை மட்டுமே படித்திருந்தார். நோட்டையும் 5074-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நேரம் அப்படியே பொருந்தியது.

பிறகு என்ன செய்தார்கள்?

1,740 என்பதைப் பூஜ்யம் ஆக்கிவிட்டால் ஆள் மாற்றம் நின்றுவிடும். ஆபீசில் அதைத்தான் கேட்டார்கள். இளைஞர் மறுத்தது சரியே. மின்சாரம் போனாலும், புரோகிராமில் ஒரு திருத்தம் ஏற்றினாலும் வேலையாள் மாறத்தான் செய்வார். அப்போதும் கணக்கு காணாமல் போகும்.

ஆகவே புரோகிராமைத் திருத்தினார். ஒவ்வொரு எண்ணிக்கையும் தட்டிய உடனே நிரந்தரக் கணக்கில் எழுதப்படுகிறது. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்தவரை அடையாளம் காட்டும் சாவியும் இப்போது வட்டில் இருக்கிறது. ஆள் மாற்றம் தினமும் அதிகாலை 5 மணி 45 நிமிடத்துக்கு என்று வைக்கப்பட்டது. ஷிப்டு மாறும் முன்பு டீ குடிக்கும் நேரம் அது.

கூலிதான் மிச்சம் இருந்தது. தொலைந்துபோன லாரிகளின் எடைச் சீட்டுகளைத் தேடி எடுத்து, அவற்றைக் கொண்டு மூட்டைக் கணக்கு போட்டார்கள். 11 லாரிகளுக்குக் கூலி கிடைத்துவிட்டது. மூன்று லாரிகளுக்குச் சீட்டு கிடைக்கவில்லை. அண்ணாச்சி தம் நோட்டில் எழுதியிருந்த நேரத்தையும், வாசல் காவலாளியின் ரிஜிஸ்தரையும் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். மேனேஜர் "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.