மட்டாஞ்சேரி வரும் வெளிநாட்டுப் பயணிகள்: குறைந்த கட்டணத்தில் ரூபாய் பெறுவது எப்படி?

கொச்சி: மட்டாஞ்சேரியில் உள்ள டச்சு அரண்மனை, யூதத் தெரு, 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் ஆகியவற்றைக் காண வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆட்டோ, படகு, தேநீர்க் கடை என எங்கும் ரூபாய் தேவைப்படுகிறது. அதை எந்த வழியில் பெறுகிறார்கள் என்பதைப் பொறுத்தே கட்டணம் கூடுகிறது அல்லது குறைகிறது. மிஞ்சும் ரூபாயை நாடு திரும்பும்போது மாற்ற முடியுமா என்பதை ஒரு சிறு சான்றிதழ் முடிவு செய்கிறது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டுடன் வரும் தமிழர்களுக்கும் இது பொருந்தும்.

ஏடிஎம் திரையில் கவனம்

வெளிநாட்டு அட்டையில் பணம் எடுத்தால், அட்டையை வழங்கிய வங்கியும் ஏடிஎம்மை நடத்தும் வங்கியும் தனித்தனியே கட்டணம் விதிக்கலாம். ஒரு முறைக்கு 200 ரூபாய் கட்டணம் என்று கொண்டால், 2,000 ரூபாய் எடுப்பவர் 10 சதவீதத்தை இழக்கிறார். 10,000 ரூபாய் எடுப்பவருக்கு அது 2 சதவீதம் மட்டுமே.

சில இயந்திரங்கள், தொகையைப் பயணியின் சொந்த நாட்டு நாணயத்தில் கணக்கிடலாமா என்று கேட்கும். சம்மதித்தால், கூடுதல் இலாபம் சேர்க்கப்பட்ட மாற்று விகிதம் பொருந்தும். 'இந்திய ரூபாய்' என்பதைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் மலிவானது. கடைகளில் அட்டையைப் பயன்படுத்தும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

பணமாற்று நிலையங்களில்

ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிலையங்களில் மட்டுமே வெளிநாட்டு நாணயத்தை மாற்ற வேண்டும். அன்றைய விகிதப் பட்டியலை அவை வாடிக்கையாளர் பார்வையில் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை ரூபாயை ரொக்கமாக வழங்கலாம்.

இச்சேவைக்கு ஜிஎஸ்டி உண்டு. மாற்றும் தொகையின் ஒரு சதவீதம், குறைந்தபட்சம் 250 ரூபாய், சேவை மதிப்பாகக் கொள்ளப்பட்டு, அதன் மீது 18 சதவீத வரி கணக்கிடப்படுகிறது. எனவே 25,000 ரூபாய்க்குள் எவ்வளவு மாற்றினாலும் வரி 45 ரூபாய். சிறுகச் சிறுகப் பலமுறை மாற்றினால், ஒவ்வொரு முறையும் இத்தொகையைச் செலுத்த நேரிடும்.

சான்றிதழ் ஏன் அவசியம்?

நாணயத்தை மாற்றியவுடன் 'பணமாற்றுச் சான்றிதழ்' கேட்டுப் பெற வேண்டும். மிஞ்சிய ரூபாயை மீண்டும் டாலராகவோ யூரோவாகவோ மாற்ற இதுவே ஆதாரம். சான்றிதழைக் காட்ட இயலாதவர், உரிய காரணம் இருந்து, ஏழு நாட்களுக்குள் புறப்படுவதை உறுதிசெய்தால், 10,000 ரூபாய் வரை மாற்ற அனுமதிக்கப்படலாம். ஏடிஎம்மில் எடுத்த பணம் என்றால் அசல் ரசீதைப் பாதுகாக்க வேண்டும்.

இந்தியாவுக்குள் கொண்டுவரும் வெளிநாட்டு நாணயத்துக்கு உச்சவரம்பு இல்லை. எனினும், ரொக்கம் 5,000 டாலரையோ, பயணக் காசோலை உள்ளிட்ட மொத்த மதிப்பு 10,000 டாலரையோ தாண்டினால் விமான நிலையச் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும்.

யுபிஐ வழி

இந்திய வங்கிக் கணக்கு இல்லாத பயணிகளும் யுபிஐ மூலம் கடைகளில் பணம் செலுத்த 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. தொடக்கத்தில் ஜி20 நாட்டினருக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட விமான நிலையங்களில் இவ்வசதி கிடைத்தது. கடவுச்சீட்டு, விசா சரிபார்ப்புக்குப் பின் முன்பணக் கணக்கு வழங்கப்படும். யுபிஐ இல்லாத இடங்களுக்குக் கையில் சிறிதளவு ரொக்கம் வைத்திருந்தால் போதும். அடிக்கடி ஏடிஎம் கட்டணம் செலுத்தும் தேவை குறையும்.