கோழி வித்தும் குடியானவன் கணக்கும்

கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீனிக்கே போய்விடுகிறது. ஆகவே, தின்ற தீனியைக் கோழி எவ்வளவு சிக்கனமாக மாமிசமாகவோ முட்டையாகவோ மாற்றுகிறது என்பதே இத்தொழிலின் ஜீவநாடி. வானம் பார்த்த மேட்டு நிலங்கள் மிகுந்த தர்மபுரி ஜில்லாவில் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கேழ்வரகும் சாமையும் பொய்த்த வருஷத்தில், ஏழைக் குடும்பத்துக்கு ஆடும் கோழியுமே கைம்முதல்.

வித்தைத் தேர்ந்தெடுப்பதனால் என்ன விளையும்? அமெரிக்காவில் வட கரோலினா ஸ்டேட் சர்வகலாசாலை அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்று. 1957-ஆம் வருஷத்து வித்து அக்காலத் தீனியைத் தின்று 1.8 கிலோ எடை பெற 101 நாட்கள் ஆயின. கிலோ ஒன்றுக்கு 4.4 கிலோ தீனி செலவாயிற்று. 2001-ஆம் வருஷத்து வித்து, தன் காலத்துத் தீனியில் அதே எடையை 32 நாட்களில் எட்டியது, கிலோவுக்கு 1.5 கிலோ தீனியே போதுமாயிற்று. வளர்ச்சியில் கண்ட இம்மாறுதலில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு இனவிருத்தியின் பயன் என்றனர்.

முறை எளிது, பொறுமையே அரிது. கோழிகளைத் தனித்தனியே கூண்டிலிட்டு, தின்னும் தீனியையும், உடல் எடையையும், முட்டையையும் நிறுத்துக் குறிக்க வேண்டும். எடையும் முட்டையும் ஒத்த இரண்டில் குறைவாகத் தின்பதே வித்துக்கு உரியது. தலைமுறைதோறும் இவ்வாறு பொறுக்க வேண்டும். வேகத்தை மட்டுமே நாடினால் கால்கள் தளரும், இருதயம் சோரும் என்பதையும் மறக்கலாகாது.

இன்று கறிக்கோழியின் மூல வித்துக்கள் பெரும்பாலும் சில அந்நியக் கம்பெனிகளின் வசம் உள்ளன. ஒப்பந்தத்தில் வளர்ப்பவனுக்குக் குஞ்சும் தீனியும் கம்பெனி தருவது. கொட்டகையும் உழைப்பும் அவனுடையவை. கிலோவுக்கு எவ்வளவு தீனி ஆயிற்று என்ற கணக்கு அவன் கூலியையும் பாதிக்கிறது. குஞ்சு நலிந்திருந்தால் நஷ்டம் அவன் தலையிலும் விழும். குஞ்சைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ அவனுக்கு இல்லை. இது நியாயமா?

நம்மவரால் ஆகாதது ஒன்றுமில்லை. ஹைதராபாத்திலுள்ள மத்திய கோழி ஆராய்ச்சி ஸ்தாபனம் வனராஜா, கிராமப்பிரியா என்னும் புழக்கடை இனங்களை உருவாக்கியிருக்கிறது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகும் வரை தர்மபுரியோடு சேர்ந்திருந்த ஓசூர்ப் பகுதியில், மத்திகிரியில் கோழியினக் கல்லூரி நடைபெறுகிறது. நமது நாட்டுக்கோழிகளுள் கழுத்தில் இறகற்ற வகை கோடை வெப்பத்தை எளிதில் தாங்கும். இத்தகைய கோழிகளை நம் ஊர்த் தானியங்களிலேயே வளர்த்து, தீனிக் கணக்கெடுத்து, சிறந்தவற்றின் குஞ்சுகளைக் கிராமப் பெண்களுக்கு நியாய விலையில் அளிப்பது சர்க்காரின் கடமை. வித்து அந்நியன் கையிலும் உழைப்பு நம் கையிலும் இருக்கும் வரையில், சிக்கனத்தின் லாபம் குடியானவனின் வீடு வந்து சேராது.