ஊர்ச்சொல் – 9: சிரத்தைக்குள் ஓர் இதயம்

மாவனல்லைக் கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்றால் இதயத்துக்கு மூன்று பெயர்கள் காதில் விழும். பலசரக்குக் கடை நானா 'கல்பு' என்பார். அது குர்ஆனோடு வந்த அரபுச் சொல். எதிர்க்கடைக்காரர் சிங்களத்தில் 'ஹதவத' என்பார். அதன் முன்பாதி பாளியின் 'ஹதய'. ஒரு நாள் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியம்மா கடை வாசலில் உட்கார்ந்து, "நானா, நெஞ்சு படபடங்குது, கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார். மழைக்காலம். மண்திட்டுக்குக் கீழே லயத்தில் படுத்தால் "ஈரக்குலையே நடுங்குது" என்றார். 2016 மே 17 அன்று பக்கத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊரை மூடியதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பேச்சு வழக்கு அல்ல.

நடுங்கும் ஈரக்குலை என்றதும் எனக்கு ஐஸ்லாந்து நினைவுக்கு வந்தது. 1270 வாக்கில் அங்கே தோல் ஏட்டில் எழுதிவைத்த பழம்பாடல்களில் ஒன்று 'அத்லகுவிடா'. ஹூணர் மன்னன் அத்திலாவின் சாயலில் அமைந்த அத்லி, குன்னர் என்ற அரசனைப் பிடித்துவைத்துப் புதையல் எங்கே என்று கேட்கிறான். தம்பி ஹொக்னியின் இதயத்தைக் கண்ணால் கண்ட பிறகே வாய் திறப்பேன் என்கிறான் குன்னர். அத்லியின் ஆட்கள் ஹ்யல்லி என்ற கோழையைக் கொன்று, அவன் இதயத்தைத் தட்டில் ஏந்தி வருகிறார்கள். குன்னர் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறான்: தட்டில் கிடந்தே இப்படி நடுங்குகிறதே, உடம்புக்குள் இருந்தபோது இதைவிட இருமடங்கு நடுங்கியிருக்கும்; இது ஹொக்னியுடையது அல்ல. பிறகுதான் ஹொக்னியை அறுக்கிறார்கள். அவன் சிரிக்கிறான். அவன் இதயம் தட்டில் அதிகம் நடுங்கவில்லை. அந்த மக்களுக்கு இதயம் என்பது காதலின் வீடாக இருக்கும் முன்பே துணிவை அளக்கும் சதைத்துண்டாக இருந்தது. நம் 'நெஞ்சுரம்' அவர்களுக்கு விளக்கமே இல்லாமல் புரிந்திருக்கும்.

அவர்கள் சொல் 'ஹ்யார்த்தா'. பழைய ஆங்கிலத்தில் 'ஹெயொர்த்தெ', பழைய ஜெர்மனில் 'ஹெர்ட்சா'. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளை மொழிபெயர்த்த கோதிக் மொழியில் 'ஹெர்த்தோ'. சிங்களத்தின் 'ஹத'வும் நம் 'இருதய'த்துக்கு மூலமான சமஸ்கிருத 'ஹ்ருதய'மும் ஹகரத்திலேயே தொடங்குவதால், எல்லாம் ஒரே அச்சு என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். அது தவறு.

சட்டைப்பையில் கிடக்கும் ஐம்பது சதக் காசே அதற்குச் சாட்சி. 'சதம்' என்றால் சமஸ்கிருதத்தில் நூறு. அதே நூறு லத்தீனில் 'கெந்தும்', கோதிக்கில் 'ஹுந்த்'. மூல மொழியின் ஒரு ககரம் ஜெர்மானியப் பக்கம் போகும்போது ஹகரமாகியது, நம் பக்கம் வரும்போது சகரமாகியது. ஜெர்மானியப் பக்கத்து மாற்றத்தை யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக வகுத்தார். அந்தக் கணக்குப்படி பார்த்தால், கிரேக்கத்தில் 'கர்தியா', ஐஸ்லாந்தில் 'ஹ்யார்த்தா' என்று வழங்கும் இதயம் சமஸ்கிருதத்தில் சகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். 'ஹ்ருத்' அந்தக் கணக்குக்கு வெளியே திரிந்துபோன வடிவம். இரண்டு ஹகரமும் வேறு வேறு வழியில் வந்தவை.

அப்படியானால் சகரத்தில் தொடங்கும் அந்த இதயம் எங்கே? 'சிரத்தை'யில். சமஸ்கிருத 'ஷ்ரத்தா'வைப் பிரித்தால் 'ஷ்ரத்', 'தா': இதயம், வைத்தல். இதயத்தை ஒன்றின்மேல் வைப்பது. மொழியறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. இதை முதலில் வாசித்த நாளில் என் ஆரம்பப் பள்ளி ஆசிரியை நினைவில் வந்து நின்றார். "சிரத்தையா படிடா" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. நெஞ்சை வை என்று அந்தச் சொல் அத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கடைத்தெருவுக்கு எதிரே உள்ள விகாரையில் போயா நாளன்று 'ஷ்ரத்தாவ' என்று உச்சரிப்பவர்கள் வாயிலும் அதே இதயம் இருக்கிறது.

லத்தீனிலும் இதே இரண்டு துண்டுகள் சேர்ந்து 'கிரேதோ' ஆயின. நம்புகிறேன் என்று பொருள். அதன் வழிவந்தது 'கிரெடிட்'.

பெரியம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு அரிசியும் பருப்பும் கேட்டார். நானா நிறுத்துக் கொடுத்து, கணக்குக் கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"சம்பளத்துக்குப் பொறகு தாங்க" என்றார்.