அடுத்தவர் மைதானத்தில் நம் கொடி

ரெய்னர்ஸ் லேன் நிலையத்துக்கு மெட்ரோபொலிட்டன், பிக்கடிலி என்று இரண்டு வழித்தட ரயில்கள் வருகின்றன. முதலாவதில் ஏறினால் கால் மணி நேரத்தில் வெம்பிளி பார்க். இரண்டாவதில் ஏறி உட்கார்ந்தால் வண்டி மாறாமலே ஆர்சனல் நிலையத்தில் இறங்கலாம். இரண்டுமே கிங்ஸ் கிராஸ் சென்ற் பங்கிராஸைத் தொட்டுப் போகின்றன. லீட்ஸுக்கும் நியூகாசிலுக்கும் ஷெஃபீல்டுக்கும் வடக்கே போகிற ரயில்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. மெட்ரோபொலிட்டனில் அதற்கு ஒரு நிறுத்தம் முன்பே யூஸ்ரன் ஸ்குவேரில் இறங்கிச் சற்று நடந்தால் மன்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் வண்டி பிடிக்கலாம். தன் அணிக்குப் பின்னால் ஊர் ஊராகப் போகிற உதைபந்தாட்ட ரசிகருக்கு இதைவிட வசதியான புறநகர் லண்டனில் அதிகம் இல்லை.

இந்தப் புறநகரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகளுக்கு ஆர்சனல், லிவர்பூல், செல்சி வீரர்களின் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனால் எத்தனை பிள்ளைகள் தங்கள் அணிக்காக வேறு ஊர் மைதானத்துக்குப் போய், அங்கே ஒரு மூலையில் ஒதுக்கிய இருக்கைகளுக்கு நடுவே நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள்? ரசிகர்கள் ‘அவே மேட்ச்’ என்று சொல்லும் அந்தப் பயணம் நம் வீடுகளில் இன்னும் அரிது. அது மாறவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிரிமியர் லீக் விதிப்படி ஒவ்வொரு கழகமும் விருந்தாளி ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகள் ஒதுக்க வேண்டும். சிறிய மைதானம் என்றால் மொத்த இருக்கைகளில் பத்தில் ஒரு பங்கு. அறுபதாயிரம் பேர் கூடும் இடத்தில் மூவாயிரம் பேர் என்பது சின்னக் கூட்டம். ஆனால் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது நீங்கள் இடைவிடாமல் கேட்கிற பாட்டு பெரும்பாலும் அந்தச் சின்னக் கூட்டத்தின் பாட்டுத்தான். சொந்த மைதானத்துக்காரர் அணி ஒரு கோல் வாங்கியதும் அடங்கிவிடுவார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் அடங்குவதில்லை. விடியற்காலையில் எழுந்து, இரண்டு மூன்று ரயில் மாறி, கைக்காசு செலவழித்து வந்தவர் அவர். தோற்றாலும் பாடிவிட்டுத்தான் போவார்.

அந்த மூவாயிரத்தில் ஒருவராக இடம்பிடிப்பது சுலபமில்லை. பெரிய கழகங்களில் முன்பு எத்தனை வெளியூர் ஆட்டங்களுக்குப் போயிருக்கிறீர்கள் என்று புள்ளிக் கணக்கு வைத்திருப்பார்கள். புள்ளி கூடியவருக்கே முதலில் சீட்டு. அதனாலேயே வெளியூர்ப் பகுதியில் திரும்பத் திரும்ப அதே முகங்களைக் காணலாம். தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒன்றாக நிற்கும். அங்கே புதிதாகப் போகிறவர் பாட்டுகளைக் கற்றுக்கொள்ளவே ஒரு பருவம் பிடிக்கும்.

வெளியூர் ரசிகருக்கு இன்று இருக்கும் மரியாதை சும்மா கிடைத்ததில்லை. 2013 ஜனவரியில் ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வந்த மன்செஸ்டர் சிட்டி ரசிகர்களிடம் ஒரு சீட்டுக்கு 62 பவுண்ஸ் கேட்கப்பட்டது. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மூவாயிரத்தில் 912 சீட்டுகள் விலைபோகாமல் திருப்பி அனுப்பப்பட்டன. அதே ஆண்டில் ரசிகர் அமைப்புகள் வெளியூர்ச் சீட்டு இருபது பவுண்ஸுக்கு மேல் போகக்கூடாது என்று இயக்கம் தொடங்கின. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் ரசிகர்கள் 77 பவுண்ஸ் சீட்டை எதிர்த்து, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். அது சொந்த மைதானச் சீட்டைப் பற்றிய எதிர்ப்பு என்றாலும், கழக முதலாளிகள் எல்லோரும் அதிர்ந்தார்கள். அடுத்த மாதமே பிரிமியர் லீக் கழகங்கள் வெளியூர்ச் சீட்டுக்கு 30 பவுண்ஸ் என்று உச்சவரம்பு போட்டன. 2016-17 பருவத்தில் நடைமுறைக்கு வந்த அது பிறகும் நீட்டிக்கப்பட்டது. தொலைக்காட்சி உரிமைக்குக் கோடிக்கணக்கில் வாங்குகிற கழகங்களுக்கு முப்பது பவுண்ஸும் அதிகம் என்பதே என் கருத்து.

விலையை விடப் பெரிய கதை ஒன்று உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட் அணிகளின் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி. பொது மைதானம் என்பதால் இரு அணி ரசிகர்களும் அங்கே விருந்தாளிகள்தான். லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் கம்பி வேலி அடைத்த பகுதிக்குள் லிவர்பூல் ரசிகர்கள் அளவுக்கு மீறி அனுமதிக்கப்பட்டு நெரிசலில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 97 பேர். குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று பொலிஸ் தரப்பிலிருந்து பொய் பரப்பப்பட்டது. பத்திரிகைகள் அதை அச்சடித்தன. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது பழி இல்லை என்று மரண விசாரணை நடுவர் குழு 2016இல் சொல்லும்வரை குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராடின. காணாமல்போனவர்களுக்காகவும் கொல்லப்பட்டவர்களுக்காகவும் தெருவோரத்தில் படம் ஏந்தி உட்கார்ந்திருக்கும் தாய்மாரை அறிந்த நமக்கு அந்தக் குடும்பங்களின் பிடிவாதம் புரியாததில்லை. இன்று நம் பிள்ளையை ஒரு வெளியூர் மைதானத்துக்குப் பயமில்லாமல் அனுப்ப முடிகிறதென்றால், வேலிகளை அகற்றி இருக்கைகளைக் கொண்டுவந்த அந்த மாற்றத்துக்குப் பின்னால் இந்த மரணங்கள் இருக்கின்றன.

பெற்றோர் தயங்கியதற்கு வேறு காரணமும் இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆங்கில மைதானங்களில் கறுப்பு, பழுப்பு நிறத்தவர் மீது வசைப்பாட்டு பகிரங்கமாகவே நடந்தது. வெளியூர் ரசிகர்கள் இறங்கும் ரயில் நிலையங்களைத் தவிர்க்கும்படி வீட்டில் சொல்லி வளர்ந்த தலைமுறை இங்கே இருக்கிறது. மைதானத்தில் இனவெறிக் கோஷம் எழுப்புவதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. முதலில் கூட்டாகக் கத்தினால்தான் குற்றம்; தனியொருவர் கத்தினாலும் குற்றம் என்று 1999இல் திருத்தினார்கள். ‘கிக் இற் அவுட்’ இயக்கம் 1993இல் தொடங்கியது. முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் டார்பி கவுண்டியின் பஞ்சாபி ராம்ஸ், வுல்வ்ஸின் பஞ்சாபி வுல்வ்ஸ், பிராட்ஃபோர்ட் சிட்டியின் பங்ளா பாண்டம்ஸ் என்று தெற்காசியர் தங்கள் பெயரிலேயே குழு அமைத்து, பதாகை பிடித்துப் போகிற காலம் இது. மேளத்தோடு போகிறார்கள் சிலர். தவில் வாசிக்கிற நம் ஆட்கள் ஏன் பின்தங்க வேண்டும்?

இந்தப் பண்பாடு நமக்குப் புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கில் இறுதியாட்டம் என்றால், குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்ஹென்றிஸ் என்று கழகத்தோடு ஊரே கிளம்பி வரும். கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்காக ஒருநாளும் இருந்ததில்லை. ஊரின் மானம் அது. அப்படி வளர்ந்த ஒருவருக்கு இங்கிலாந்தின் வெளியூர் ரசிகர் கூட்டத்தைக் காட்டினால் அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கம் பாருங்கள். 2014இல் தொடங்கிய சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக்கை இரண்டு முறை வென்றது. இரண்டு இறுதியாட்டங்களும் எதிரணியின் வீட்டில். 2015 டிசம்பரில் பெருவெள்ளம் சென்னையை மூழ்கடித்ததால் அரையிறுதியின் ‘சொந்த மைதான’ ஆட்டத்தையே பூனேவில் ஆட வேண்டியதாயிற்று. பிறகு கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இறுதியாட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை பெற்றது. அத்தோடு முடிந்தது என்றே மைதானம் நினைத்தது. கடைசி நிமிடத்தில் கோவா கோல்காப்பாளரின் சொந்தக் கோல், அடுத்து கொலம்பிய வீரர் மெண்டோசாவின் கோல், 3-2. வெள்ளத்தில் நனைந்த ஊருக்குக் கிடைத்த கிண்ணம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரின் கண்டீரவா மைதானத்தில் முதல் கோலை வாங்கிய பிறகும் பெங்களூர் எஃப்.சி.யை அதே 3-2 கணக்கில் வென்றது. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் என்று பெயர் வைத்த ரசிகர் குழுக்கள் அந்த அணிக்கு உண்டு. நீல நிறத்துக்கு நடுவே இன்னொரு நீலமாக எதிரணியின் மைதானத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்ப்பது எத்தனை ரசிகர்களுக்கு வாய்க்கும்?

லண்டனுக்குத் திரும்புவோம். 2018 மே இறுதியில் தொடங்கி, ஃபிஃபாவில் இடமில்லாத அணிகளுக்கான கொனிஃபா உலகக் கிண்ணம் இந்த நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் நடந்தது. சிறு கழகங்களின் மைதானங்கள்தான் அரங்குகள். புலம்பெயர்ந்த தமிழ் இளைஞர்கள் தமிழீழம் என்ற பெயரில் ஆடினார்கள். போட்டியை அதிகாரபூர்வமாக நடத்தியது பராவா என்ற சோமாலியப் புலம்பெயர் அணி. ஆகவே பல்லாயிரம் தமிழர் வாழும் லண்டனிலேயே, புரொம்லி கழகத்தின் ஹேய்ஸ் லேன் மைதானத்தில் நம்மவர்கள் விருந்தாளி அணியாக நின்றார்கள். பராவாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் 4-0 என்று தோல்வி. தங்களுக்கென்று சொந்த மைதானமே இல்லாத அணிக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். அந்த அணியின் ரசிகரும் எங்கே போனாலும் விருந்தாளிதான்.

ஆனால் இப்போது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு பெயர் கிடைத்திருக்கிறது. வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2024 ஆகஸ்டில் பாண்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்காகக் களமிறங்கினார். இங்கிலாந்தில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதல் தமிழர் என்று அறியப்படும் நடுக்கள வீரர் அவர். பாண்ஸ்லி யோர்க்‌ஷயரின் பழைய நிலக்கரி ஊர், 1912இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற கழகம். ரெய்னர்ஸ் லேனிலிருந்து அங்கே போவது பெரிய பாடில்லை. கிங்ஸ் கிராஸ் சென்ற் பங்கிராஸில் இறங்கி, சென்ற் பங்கிராஸிலிருந்து ஷெஃபீல்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே வண்டி மாறினால் அரை மணி நேரத்துக்குள் பாண்ஸ்லி. நிலையத்திலிருந்து ஓக்வெல் மைதானத்துக்கு நடந்தே போகலாம்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஆட்ட நாளும் நேரமும் தொலைக்காட்சிக்காக மாறும். ஆகவே மலிவு ரயில் சீட்டை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். வார நடுவில் இரவு ஆட்டம் என்றால் திரும்பிவரக் கடைசி ரயில் உண்டா என்று முதலில் பாருங்கள். நியூகாசில் மாதிரித் தூரத்து ஊர்களில் பெரும்பாலும் இராது. எதிரணி ரசிகர்களின் பகுதியில் சீட்டு வாங்கி உங்கள் அணியின் நிறத்தோடு உட்காராதீர்கள். காவலர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள். ரசிகர்களுக்கென்று ஏற்பாடு செய்த பேருந்தில் மது கொண்டுபோவது 1985 முதல் சட்டப்படி குற்றம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்கள் இந்த நாட்டில் நேரலையாக ஒளிபரப்பாவதில்லை. மைதானத்துக்குப் போவதற்கு அதைவிட நல்ல காரணம் தேவையா?

எனக்கு மிகவும் பிடித்த வெளியூர்ப் பயணங்கள் பெரிய கழகங்களுடையவை இல்லை. பிக்கடிலி ரயில் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்த அதே 1933இல்தான் ரெய்னர்ஸ் லேன் எஃப்.சி.யும் பிறந்தது. டைத் ஃபாம் சமூகக் கழக வளாகம் அதன் மைதானம். சவுத் ஹரோவில் ஏர்ள்ஸ்மீட் மைதானத்தில் ஆடும் ஹரோ பரோவுக்கும் 1933தான் பிறந்த ஆண்டு. நான்-லீக் எனப்படும் இந்த மட்டத்தில் பொதுவாக ரசிகர்களைப் பிரிக்கும் வேலி கிடையாது. பாதி ஆட்டம் முடிந்ததும் இரு பக்கத்தாரும் தங்கள் அணி தாக்குகிற கோலுக்குப் பின்னால் இடம் மாறிக்கொள்வார்கள். நடுவில் தேநீர்க் கடையில் ஒன்றாக வரிசையில் நிற்பார்கள். அப்படிப்பட்ட ஒரு வெளியூர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் போனாலே அணிக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து வீரர்கள் வந்து கைகொடுப்பார்கள். எமிரேட்ஸில் இது கிடைக்காது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வெளியூர் ஆட்டமாக நான் இதைத்தான் சொல்வேன்.

பருவ அட்டவணை கழகங்களிடம் கிடைக்கும். நம் தெருப்பெயர் கொண்ட அணி அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்து, பிள்ளைகளோடும் முடிந்தால் அம்மம்மா, அப்பப்பாவோடும் ஒரு சனிக்கிழமை அந்த அணிக்குப் பின்னால் போய்வாருங்கள்.