மூளைக்குச் செல்லும் வழி யாருக்கு உரியது?

மூளையின் நுண்குருதிக் குழாய்களில் உயிரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கிப் பிணைந்துள்ளன. குருதி-மூளைத் தடுப்பு எனப்படும் இவ்வரண் நச்சுப்பொருள்களைத் தடுப்பதோடு, மருந்துகள் பலவற்றையும் தடுத்துவிடுகிறது. எனவே, மருந்தைக் கண்டறிவதைப் போலவே அதனை மூளைக்குக் கொண்டுசேர்ப்பதும் அரிய பணியாகும். அவ்வழிக்கும் காப்புரிமை கோரப்படும்போது வழக்குகள் எழுகின்றன. நலாக்சோன் வழக்கு அவற்றுள் ஒன்று.

உயிர் மீட்கும் மருந்து

அபின் வகைப் பொருள்கள் உடலில் அளவுக்கு மிஞ்சினால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி செயலிழக்கும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். நலாக்சோன் மூளைக்குள் விரைந்து புகுந்து, அப்பொருள்களை அவை பற்றியிருக்கும் இடங்களிலிருந்து விலக்கி, மூச்சை மீட்கிறது. 1971ஆம் ஆண்டிலேயே இம்மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால், அதனை ஊசிவழியே செலுத்தப் பயிற்சி தேவை. மயங்கிக் கிடப்பவரின் அருகில் இருப்போர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். இதனால், முதலுதவியாளர் சிலர் ஊசிக்குழலில் தெளிப்பு முனையைப் பொருத்தி, மருந்தை மூக்கில் செலுத்தி வந்தனர். 2015இல் 4 மில்லிகிராம் மருந்தை ஒரே அழுத்தத்தில் செலுத்தும் நார்கான் என்னும் மூக்குத் தெளிப்பான் ஒப்புதல் பெற்றது.

வழக்கும் தீர்ப்பும்

மருந்தின் பழைய காப்புரிமை முன்னரே முடிந்திருந்தது. அடாப்ட் நிறுவனம் மருந்தின் அளவு, கலவை, மூக்குவழிச் செலுத்தும் முறை ஆகியவற்றுக்குப் புதிய காப்புரிமைகளைப் பெற்றது. அதே தெளிப்பானின் பொதுப்பெயர் வடிவத்தைத் தயாரிக்க டெவா நிறுவனம் முன்வந்தபோது வழக்கு மூண்டது. ஒன்று புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அத்துறை வல்லுநருக்கு அது எளிதில் புலப்படாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. தான் சேர்த்த பதப்படுத்தும் பொருள் நலாக்சோனைச் சிதைக்கும் என முந்தைய ஆய்வு எச்சரித்திருந்ததால், தன் கலவை எவருக்கும் எளிதில் தோன்றியிராது என்றது அடாப்ட். முன்பே அறியப்பட்டவற்றை இணைத்தால் கிடைப்பதே இது என்றது டெவா. 2020இல் மாவட்ட நீதிமன்றம் டெவாவின் வாதத்தை ஏற்றது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. எனினும், மூன்று நீதிபதிகளுள் ஒருவர் மாறுபட்டார்.

சமநிலை தேடும் சட்டம்

ஆய்வுக்குச் செலவிட்டவருக்கு உரிய பயன் கிடைக்காவிடில் புதிய வழிகளைத் தேட எவரும் முன்வாரார். சிறு மாற்றங்களுக்கெல்லாம் 20 ஆண்டுத் தனியுரிமை வழங்கினால், போட்டியின்றி மருந்தின் விலை குறையாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3இன்படி, மனிதருக்குச் சிகிச்சை அளிக்கும் முறைக்குக் காப்புரிமை இல்லை. ஆயினும், புதிய கருவிக்கோ கலவைக்கோ தகுதியிருப்பின் அதனைப் பெறலாம். அறிவுக்கு உரிய மதிப்பையும் உயிருக்கு உரிய மருந்தையும் ஒருசேரக் காக்கும் எல்லைக்கோட்டை வரைவதே காப்புரிமைச் சட்டத்தின் கடமையாகும்.