துணியில் தைத்த வான் வரலாறு

வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் நூல்களிலும் மட்டும் எழுதப்படுவதன்று. உள்ளங்கையளவு துணியிலும் எழுதப்படுவதுண்டு. விமானிகளும் விண்வெளி வீரர்களும் தம் உடையில் தைத்துக்கொள்ளும் சின்னங்கள் அத்தகையன. வண்ண நூலால் பூத்தையல் இட்ட இச்சின்னங்களை உலகெங்கும் பலர் அரும்பொருளாகப் போற்றிச் சேர்த்து வருகின்றனர். அச்சிறு துணியில் அப்படி என்ன இருக்கிறது? அதனை அணிந்தவர் யார், எதற்காக அணிந்தனர் என்று ஆராய்ந்தால் விடை கிடைக்கும்.

தோளில் துணிச் சின்னம் அணியும் வழக்கம் முதல் உலகப் போரின் இறுதியாண்டில் அமெரிக்கப் படையில் வேரூன்றியது. 1918-இல் அப்படையின் 81-ஆம் பிரிவினர் காட்டுப்பூனையின் உருவத்தைத் தோளில் தைத்துக்கொண்டனர். பிற பிரிவினரும் அவ்வழக்கத்தைப் பின்பற்றினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கேலிச்சித்திரப் படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1,200-க்கும் மேற்பட்ட சின்னங்களைப் படைப்பிரிவுகளுக்காக வரைந்து கொடுத்தது.

அவற்றுள் ஒன்று ஃபிஃபினெல்லா என்னும் குறும்புப் பெண்ணின் உருவம். விமானியின் கண்ணாடி அணிந்து, சிறகு விரித்துப் பறக்கும் அவ்வுருவத்தைத் தம் சின்னமாகக் கொண்டவர்கள் அமெரிக்கப் பெண் விமானிகள். 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் பயிற்சியை முடித்த 1,074 பெண்கள், தொழிற்சாலையிலிருந்து விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச் சென்றனர். பழுது பார்த்த விமானங்களைப் பறந்து சோதித்தனர். அப்பணியில் 38 பெண்கள் உயிர் துறந்தனர். எனினும், அவர்கள் படைவீரராகக் கருதப்படவில்லை. இறந்தவருக்குப் படை மரியாதை கிடைக்கவில்லை. உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பத் தோழியரே பணம் திரட்டிய நிலையும் இருந்தது. 1977-இல் தான் சட்டம் அவர்களைப் போர்ப்பணி ஆற்றியவராக ஏற்றுக்கொண்டது. அரசு வாளாவிருந்த முப்பதாண்டுக் காலமும், 'நாங்களும் பறந்தோம்' என்பதற்குச் சான்றாக அவர்களிடம் எஞ்சியிருந்தவற்றுள் அச்சின்னமும் ஒன்று.

இத்தகைய சின்னங்கள் உருவாகும் முறையும் அறியத்தக்கது. 1863-இல் சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஐசக் குரோப்லி என்பவர் பூத்தையல் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். துணியின் முன்புறம் ஊசிநூல் நுழையும். பின்புறம் படகு போன்ற சிறு கருவியொன்று மற்றொரு நூலைக் கொண்டு வந்து அதனுடன் பிணைக்கும். அக்கருவியின் வடிவத்தால் இயந்திரத்திற்கே 'ஷிஃப்லி' என்னும் பெயர் அமைந்தது. சுவிஸ் மக்களின் பேச்சில் அதற்குச் 'சிறுபடகு' என்பது பொருள். நம் நெசவாளரும் தறியில் ஓடும் நாடாவை 'ஓடம்' என்று வழங்குவது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பல நூறு ஊசிகள் ஒருங்கே இயங்குவதால் ஒரே உருவத்தைப் பல படிகளாக விரைவில் தைத்துவிடலாம்.

விண்வெளிப் பயணம் தொடங்கியபோது, விமானிகளாக இருந்தவர்களே வீரர்களாகச் சென்றனர். சின்னம் அணியும் வழக்கமும் அவர்களுடன் சென்றது. தம் கலத்திற்குப் பெயர் சூட்டும் உரிமை மறுக்கப்பட்டதனால், ஜெமினி 5 கலத்தின் வீரர் கார்டன் கூப்பர், சின்னமேனும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். அச்சின்னத்தில், முன்னோர் மேற்குத் திசை நோக்கிச் சென்ற கூண்டு வண்டியின் உருவம் இருந்தது. அதன்மேல், 'எட்டு நாள், இல்லையேல் தோல்வி' என்னும் பொருள்பட ஒரு தொடரும் இருந்தது. எட்டு நாள் நிறைவுறாவிடில் பயணமே தோல்வி என உலகம் தூற்றுமே என்று அஞ்சினார் விண்வெளித் துறைத் தலைவர். ஆதலின், அத்தொடரைத் துணியால் மூடித் தைத்து அனுப்பினர். 1965 ஆகஸ்டில் கூப்பரும் கான்ராடும் ஏறத்தாழ எட்டு நாள் விண்ணில் வலம் வந்து மீண்டனர்.

1969 ஜூலையில் சந்திரனில் மனிதனை இறக்கிய அப்பல்லோ 11-இன் சின்னம் இவற்றுள் தலைசிறந்தது. அதனை வரைந்தவர் வீரருள் ஒருவரான மைக்கேல் காலின்ஸ். சந்திரன்மீது கழுகு ஒன்று இறங்குகிறது. விரிந்த நகங்கள் அச்சம் தருவன என்று அதிகாரிகள் கருதியதனால், அலகில் வைத்திருந்த ஒலிவக் கிளையைக் கால்களுக்கு மாற்றினர். பிறமொழியாளரும் உணரும் பொருட்டுப் 'பதினொன்று' என்பதனை ஆங்கிலச் சொல்லால் எழுதாமல் இலக்கமாகப் பொறித்தனர். மூவரும் தம் பெயரை மட்டும் பொறித்துக்கொள்ளவில்லை. அத்திட்டத்திற்கு உழைத்தவர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். அவர்கள் அனைவருக்கும் உரிய சின்னத்தில் மூவர் பெயர் மட்டும் இடம்பெறுதல் முறையன்று என்று அவர்கள் எண்ணினர்.

அவர்கள் சந்திரனுக்கு எடுத்துச் சென்ற சின்னம் மற்றொன்றும் உண்டு. 1967 ஜனவரி 27 அன்று, தரையில் நிகழ்ந்த ஒத்திகையின்போது அப்பல்லோ 1 கலத்தில் தீப்பற்றி கிரிஸம், வைட், சாஃபி என்னும் மூன்று வீரர்கள் மாண்டனர். அம்மூவரின் பயணச் சின்னத்தை ஆல்ட்ரின் ஒரு சிறு பையில் வைத்திருந்தார். மறைந்த ரஷ்ய வீரர்களான ககாரின், கோமரோவ் ஆகியோரின் பதக்கங்களும் அப்பையில் இருந்தன. பணி முடிந்து கலத்தில் ஏறும் வேளையில் ஆர்ம்ஸ்ட்ராங் நினைவூட்ட, ஆல்ட்ரின் அதனைச் சந்திரன் தரையில் இட்டார். செல்ல இயலாது போனவர்களின் சின்னம் இன்றும் அங்கே இருக்கிறது.

அத்தீவிபத்து மற்றொரு மாற்றத்தையும் விளைத்தது. அதன்பின் சந்திரனுக்குச் சென்றவர்களின் விண்வெளி உடையில் பூத்தையற் சின்னம் இடம்பெறவில்லை. எளிதில் தீப்பற்றாத கண்ணாடி இழைத் துணியில் அச்சிட்ட சின்னமே இடம்பெற்றது. இதனை அறிந்த சேகரிப்பாளர், நூலால் தைத்த ஒன்றைக் காட்டி, 'இது சந்திரனில் நடந்த வீரரின் உடையில் இருந்தது' என்று கூறுவாரை நம்பமாட்டார். பழைய போர்க்காலச் சின்னம் என்று விற்கப்படுவதைப் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. பிற்காலச் செயற்கை இழைகள் பல அவ்வொளியில் பளிச்சிட்டுத் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொருளின் விலையை மட்டும் கருதுவோன் வணிகன். அதன் வரலாற்றையும் உசாவி அறிபவனே உண்மைச் சேகரிப்பாளன். துணி நைந்துபோகும், நூலின் வண்ணம் மங்கும். ஆயினும், புகழ் பெற்றவரோடு பெயர் அறியப்படாதவரையும், வென்றவரோடு வழியில் வீழ்ந்தவரையும் நினைவூட்டும் ஆற்றல் அச்சிறு துணிக்கு உண்டு. அந்நினைவைப் பிழையின்றிக் காத்துப் பின்வருவோருக்கு அளிப்பதே சேகரித்தலின் பயனாகும்.